விடைபெறாத வகுப்பு

“முய்… பீ… பெய்… புவொன்… ப்ராம்…”

படுக்கையறையிலிருந்து அந்தக் குரல் வந்தபோது சாமுண்டீஸ்வரி அடுப்படியில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, கிண்ணத்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடினாள்.

“வந்துட்டேன் டீச்சர், வந்துட்டேன்! லேட்டுன்னு வெளியில நிறுத்திடாதீங்க!”

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலில், மூன்று தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தபடியே இருந்தாள். கண்கள் எதிர்ச் சுவருக்கு அப்பால் எங்கோ நின்றிருந்தன. அந்தச் சுவரில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பார்வை. இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை.

“அங்குய் சொஹ்” என்றாள்.

உட்காருங்கள் என்று அர்த்தம். சாமுண்டீஸ்வரி உட்கார்ந்தாள். கட்டிலுக்குக் கீழே, தரையில், காலை மடக்கி, ஐம்பத்து மூன்று வயதில், முதலாம் வகுப்புப் பிள்ளையைப் போல.

“ம்டோங் தியெத்.”

மறுபடியும் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

“முய், பீ, பெய், புவொன், ப்ராம்” என்று அம்மா ஒப்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கம்போடிய மொழியில் இந்த எண்களும் அந்த இரண்டு கட்டளைகளும்தான் அவளுக்குத் தெரியும். கட்டிலில் இருக்கும் பெற்ற மகள் இனியாவுக்கும் இப்போது அவ்வளவுதான் தெரியும்.

‘ப்ராம்’ என்று முடித்ததும் இனியா கொஞ்சம் நிறுத்துவாள். வகுப்பு திருப்பிச் சொல்லக் காத்திருக்கும் இடைவெளி அது. அப்போது உதடு சற்றே திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே விட்டுவிட வேண்டும். அடுத்த எண்ணைச் சொல்வதற்காகவாவது அவள் விழுங்கிவிடுவாள். ஆஸ்பத்திரித் தாதிகளுக்கே பிடிபடாத இந்த வித்தையைச் சாமுண்டீஸ்வரி தானாகக் கற்றுக்கொண்டாள். அதனால்தான் மகளின் மூக்கில் இன்னும் குழாய் ஏறவில்லை.

ஒரு வயிறு நிறைவதற்குள் வகுப்பு முப்பது நாற்பது முறை ஒன்றிலிருந்து ஐந்து வரை போய்வரும். கீழே சிங்கப்பூர் ஜாலான் புசார் தெருவின் இரும்புக் கடைகளில் கம்பி அறுக்கும் சத்தம் பதினோராம் மாடி வரை ஏறி வரும். மேலே டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். அம்மா அழுதுகொண்டே பாடம் படித்துக்கொண்டிருப்பாள்.

அன்று சனிக்கிழமை. அன்று மட்டும் அவள் அழவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, இனியாவுக்கு உடம்பு துடைத்து, தலைவாரி, நெற்றியில் பொட்டிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டாள். முதுகில் பாலிடெக்னிக் மாணவர் தொண்டுக் குழுவின் பெயர் போட்ட சட்டை. போன செப்டம்பரில் சரியாக இருந்தது. இப்போது தோளிலிருந்து வழிந்தது.

“இன்னிக்குப் பரீட்சை டீச்சர். எனக்குத்தான் பரீட்சை” என்று மகளின் காதோரம் சொன்னாள்.

சாமுண்டீஸ்வரி செம்பவாங்கில் பிறந்தவள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவரின் மகள். அதே பட்டறைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த அழகர்சாமியை விரும்பிக் கட்டிக்கொண்டவள். ‘ஊரிலிருந்து வந்தவனுக்கா பெண் கொடுப்பது’ என்று உறவே முகம் திருப்பியபோது, தாலி கட்டிய கையோடு புருஷனை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் வந்தவள். அந்த மனிதர் மனைவியை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இனியா ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, வேலைக்குக் கிளம்பிக் காலணி மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

அழுது முடித்த கையோடு சாமுண்டீஸ்வரி பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இந்த ஊரில் பஸ் ஓட்டுநரைக் கேப்டன் என்பார்கள். இனியா பள்ளியில், “எங்கப்பா கப்பல் கட்டினாரு, எங்கம்மா கேப்டன்” என்று பெருமையடித்துக்கொண்டு, எந்தக் கப்பலுக்கு என்று டீச்சர் கேட்டபோது, “சிராங்கூன் ரோடு பக்கம் போற கப்பல்” என்றாளாம். பள்ளி விட்டதும் அம்மாவின் பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். கண்ணாடியில் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துப் பார்த்தே எத்தனையோ சிக்னல்களைத் தாண்டியிருக்கிறாள் அந்தத் தாய்.

அந்த முகம் வளர்ந்து, பாலர் பள்ளி ஆசிரியையாகப் போகிறேன் என்று பாலிடெக்னிக்கில் சேர்ந்தது. இரண்டாம் ஆண்டு விடுமுறையில், கம்போடியாவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பாடம் சொல்லித்தரப் போகும் தொண்டர் குழுவில் பெயர் கொடுத்தது.

“இங்க இருக்கற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா ஆகாதா?” என்று அம்மா கேட்டாள்.

“இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு ஆளுக்கு மூணு டியூஷன் இருக்கும்மா. அங்க ஒரு டீச்சருக்கு மூணு கிளாஸ்! ரெண்டே வாரம்லா. ஓவரா சீன் போடாதே.”

ரெண்டே வாரம். போனாள். வந்தாள். ஆனால் வந்தவள் இனியா இல்லை.

கொசுவிலிருந்து வந்த மூளைக்காய்ச்சல் என்றார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் காலையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவள், கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே சரிந்திருக்கிறாள். பக்கத்து ஊர் மருத்துவமனை, அங்கிருந்து தலைநகரம், அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர். வாரக்கணக்கில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்து, உயிரோடு மீண்டபோது சாமுண்டீஸ்வரி காளியம்மன் கோயில் வாசலில் விழுந்து விழுந்து கும்பிட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, மகளுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. தன் பெயர் தெரியவில்லை. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதற்காகக் கற்றுக்கொண்ட சில சொற்கள் மட்டும், வெள்ளம் வடிந்த வீட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நாற்காலியைப் போல, எப்படியோ மிஞ்சியிருந்தன.

“அந்தச் சொற்களில் அர்த்தம் தேடாதீர்கள்” என்றார் பெரிய மருத்துவர். “வாய் தன் பழக்கத்தில் சொல்கிறது, மனம் சொல்லவில்லை. திரும்ப வரக்கூடியதெல்லாம் ஆரம்ப மாதங்களில் வந்துவிடும். அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.”

அர்த்தம் தேடாமல் எந்தத் தாயால் இருக்க முடியும்?

வாசல் மணி அடித்தது.

இரும்புக் கதவுக்கு வெளியே ரஷீதா நின்றிருந்தாள். இனியாவின் உயிர்த்தோழி. அதே குழுவில் அதே பள்ளிக்குப் போனவள். மற்ற நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து போன பிறகும், விடாமல் வந்துகொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான். கையில் துணிப்பையில் பெரிய டேப்லெட் ஒன்று.

“உள்ள வரலாமா ஆண்டி? இல்ல, கிளாஸ் ஆரம்பிச்சாச்சா?”

“ரெண்டு பீரியடு முடிஞ்சாச்சு. நீதான் லேட்டு. பெஞ்சு மேல ஏறி நில்லு.”

ரஷீதா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே தேய்ந்தது. “இது தம்பி ஆரிஃபோடது. சனிக்கிழமை கேம் விளையாட முடியாதுன்னு ஒரே சண்டை. பிடுங்கிட்டு வந்துட்டேன். ஸ்கிரீன் பெருசா இருந்தாதான் பசங்க எல்லாரும் தெரிவாங்க.”

“சூடா ஒரு கப் தே போடவா? நீ பசியோட வந்திருப்பே.”

“வேணாம் ஆண்டி. உட்காருங்க, ஒரு நிமிஷம்.”

இருவரும் வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து எண்கள் வந்துகொண்டேயிருந்தன.

“நேத்து தெரப்பிஸ்ட்கிட்ட கேட்டேன்” என்றாள் ரஷீதா. “ட்ரை பண்ணக்கூடாதுன்னு அவங்க சொல்லலை. ஆனா, எதுக்குன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.”

“நான் வந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

“ஆண்டி… இப்ப ஏதோ பேசிட்டாவது இருக்கா. ஒருவேளை…”

“ஒருவேளை?”

“ஒருவேளை அதையும் நிறுத்திட்டா?”

“நிறுத்தட்டும்னுதானே கேக்கறேன்!” சாமுண்டீஸ்வரியின் குரல் உடைந்தது. “நிறுத்தினாத்தானே என்னைத் திரும்பிப் பார்ப்பா? எத்தனை மாசம்டி நான் அவ கிளாஸ்ல உட்கார்ந்திருக்கேன்! எனக்கு டீச்சர் வேணாம் ரஷீதா. என் பிள்ளை வேணும். ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டா போதும். அப்புறம் அவ ஊமையாவே இருந்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.”

இந்த யோசனையை அவள் தலையில் விதைத்ததே ரஷீதாதான். அதை நினைத்துத்தான் அந்தப் பெண் இப்போது தலைகுனிந்தாள்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒருநாள், பேச்சோடு பேச்சாக அந்தப் பள்ளியின் வழக்கமொன்றைச் சொல்லியிருந்தாள். அங்கே வகுப்பு முடிந்தால் மணியடித்ததும் ஓடிவிட மாட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, கைகூப்பி, ‘சும்ரியப் லியா, நேக் க்ரூ’ என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். விடைபெறுகிறோம் டீச்சர் என்று பொருள். டீச்சரும் கைகூப்பித் திருப்பிச் சொன்னால்தான் அந்த வகுப்பு முடிந்ததாகக் கணக்கு. அதுவரை பிள்ளைகளும் போகக்கூடாது, டீச்சரும் போகக்கூடாது. இனியா குறும்புக்காரியாயிற்றே! பிள்ளைகள் கைகூப்பிக்கொண்டு நிற்கும்போது காதில் விழாததுபோல ஜன்னலைப் பார்ப்பாளாம். அவர்கள் கத்துவார்களாம். இன்னும் பலமாகக் கத்துவார்களாம். கடைசியில் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வாளாம்.

“கடைசி நாள் எங்க எல்லாருக்கும் பசங்க அப்படிச் சொல்லி அனுப்பினாங்க ஆண்டி. மாலையெல்லாம் போட்டாங்க. இனியா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தா. அவ கிளாஸ் பசங்க மட்டும் எந்திரிக்கவே இல்லை. நேக் க்ரூ இனியா வரட்டும், அவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போவோம்னு உட்கார்ந்தே இருந்தாங்க. எங்க பஸ் கிளம்பறப்போகூட உட்கார்ந்துதான் இருந்தாங்க.”

அதைக் கேட்ட கணத்தில் சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள்.

“அதான்! அதான்டி! அவ கிளாஸ் இன்னும் முடியலை. யாரும் முடிச்சு வைக்கலை. அதான் அங்கயே நிக்கிறா என் பொண்ணு!”

மருத்துவம் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு வகுப்பை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று தெரிந்த ஒருத்தி, முடிக்காத வகுப்பை விட்டு எப்படி வீட்டுக்கு வருவாள்? அந்தத் தாய்க்கு இது அவ்வளவு தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து ரஷீதாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. தானே எழுந்து நின்று கைகூப்பிச் சொல்லியும் பார்த்தாள். இனியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘நான் சொன்னா எப்படி? அவ பிள்ளைங்க சொல்லணும்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில் ரஷீதா அந்தப் பள்ளியின் ஆசிரியர் சொவானுக்குச் செய்தி அனுப்பினாள். சனிக்கிழமையும் அங்கே பள்ளி உண்டு, பிள்ளைகளை உட்கார வைத்துக் கூப்பிடுகிறேன் என்று அவர் பதில் போட்டிருந்தார்.

“சரி ஆண்டி” என்று ரஷீதா பெருமூச்சு விட்டு எழுந்தாள். “வாங்க.”

கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு, அதன்மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தார்கள். இனியாவின் பார்வை சுவரில் நின்ற அதே உயரத்தில் திரை இருந்தது. கொஞ்சநேரம் வட்டம் சுற்றியது. பிறகு சட்டென்று வெளிச்சம்.

மர ஜன்னல்கள், வெயில், நீண்ட பெஞ்சுகளில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். முன்வரிசையில் பல் விழுந்த சிறுமி ஒருத்தி முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

“நேக் க்ரூ இனியா!” என்று கூச்சல் எழுந்தது. “நேக் க்ரூ இனியா!”

இனியா நிறுத்தவில்லை. “முய்…” என்றாள்.

“முய்!” என்றது வகுப்பு.

யாரும் சொல்லித்தரவில்லை. பழக்கம் அது. டீச்சர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்ன அறை அதிர்ந்தது.

“பீ…”

“பீ!”

சாமுண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதங்களாக ஒற்றைக் கிழட்டு மாணவியை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவளின் குரல், இதோ ஏறுகிறது! முதுகு தலையணையை விட்டுச் சற்றே நிமிர்கிறது! ஐந்து வரை போய், “ம்டோங் தியெத்” என்றாள் இனியா. பிள்ளைகள் மறுபடி சொன்னார்கள். மறுபடி, மறுபடி. யாருக்கும் அலுக்கவில்லை. டீச்சரின் கன்னத்தில் இரத்தம் ஏறியது. பழைய இனியாவின் முகம், கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வளர்த்த முகம், நொடிக்கொருதரம் வந்துபோனது.

இப்படியே இருந்துவிட்டால் என்ன? ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தத் தாயின் மனம் தடுமாறியது.

திரையின் ஓரத்தில் சொவான் ஆசிரியர் ரஷீதாவைப் பார்த்தார். முடிக்கலாமா என்ற பார்வை. ரஷீதா சாமுண்டீஸ்வரியைப் பார்த்தாள். அவள் கண்களில், வேண்டாமே ஆண்டி என்ற கெஞ்சல் இருந்தது.

சாமுண்டீஸ்வரி தலையசைத்தாள். முடிக்கச் சொல் என்று.

ஆசிரியர் ஏதோ சொன்னார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். கைகளைக் கூப்பி, தலைகளைத் தாழ்த்தி, ஒரே குரலில்:

“சும்ரியப் லியா, நேக் க்ரூ!”

‘பெய்’ என்று சொல்லவந்த இனியா பாதியில் நின்றாள்.

 அவள் ஜன்னல் பக்கம் மெல்ல முகம் திருப்பினாள். ஐயோ, அதே குறும்பா? அதே இனியாவா? பிள்ளைகள் விடவில்லை. இன்னும் பலமாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை கத்தினார்கள். அப்போது அவள் திரும்பினாள். மடியில் செத்துக் கிடந்த கைகள், ஒன்றையொன்று தேடிக்கொண்டு, நடுங்கி நடுங்கி மேலே வந்தன. நெஞ்சுக்கு நேராகக் கூடின.

“சும்ரியப் லியா” என்றாள் இனியா.

பல் விழுந்த சிறுமி அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் அழுதன. கையசைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து விலகின. பெஞ்சுகள் காலியாயின. ஆசிரியர் குனிந்து வணங்கினார். திரை இருண்டது.

“கை கூப்பினா! பார்த்தியா ரஷீதா, பார்த்தியா!” சாமுண்டீஸ்வரி கட்டிலில் ஏறி மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். “இனியா… கண்ணு… கிளாஸ் முடிஞ்சிடுச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. நீயும் வாடி. அம்மா வந்திருக்கேன் பாரு. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

இனியா பார்த்தாள். ஆமாம், பார்த்தாள். அந்த விழிகள் முதல்முறையாகச் சுவரை விட்டு இறங்கி அம்மாவின் முகத்துக்கு வந்தன. நெற்றியில் நின்றன. கன்னத்தில் வழியும் நீரைப் பார்த்தன. 

“சொல்லுடா… அம்மா… சொல்லு…”

விழிகள் அங்கே தங்கவில்லை. தோளைத் தாண்டின. ரஷீதாவைத் தாண்டின. மின்விசிறி, அலமாரி, கதவு என்று ஒருமுறை சுற்றி வந்தன. எல்லாரும் போயாயிற்றா, யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று காலி வகுப்பைப் பார்க்கும் டீச்சரின் பார்வை அது. பிறகு அவள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“களைச்சுப் போயிட்டா” என்றாள் சாமுண்டீஸ்வரி. “தூங்கட்டும். எந்திரிச்சதும் கூப்பிடுவா.”

மத்தியானம் எழுந்தாள். கூப்பிடவில்லை. எண்ணவும் இல்லை.

கஞ்சியைச் சூடு பண்ணி எடுத்து வந்து அம்மா தரையில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். படுக்கையில் இருந்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே கம்பி அறுக்கும் சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

“டீச்சர்… பிள்ளைங்க வந்துட்டோம் டீச்சர்… முய்…”

கரண்டியை மகளின் உதட்டருகே கொண்டுபோனாள்.

“பீ… பெய்… சொல்லுங்க டீச்சர். அடுத்து என்ன, எனக்கு மறந்துபோச்சு. புவொன்… ப்ராம்… அதுக்கு மேல எனக்குத் தெரியாதே டீச்சர்!”

உதட்டைக் கரண்டியால் மெல்லப் பிரித்து ஒரு வாய் ஊற்றிப் பார்த்தாள். கஞ்சி கடைவாயில் வழிந்து நீலச் சட்டையை நனைத்தது. துடைத்துவிட்டு இன்னொரு வாய் ஊற்றினாள். அதுவும் வழிந்தது.

ரஷீதா காலையில் திரையில் நடந்ததைப் பதிவு செய்து வைத்திருந்தாள். அதைப் போட்டாள். ‘முய்!’ என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். இனியாவின் இமைகூட அசையவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். பிறகு தானே தாங்காமல் அணைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசியதும் ரஷீதாதான். தண்ணீராவது இறங்குகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். நாளைக் காலை வரை விழுங்காவிட்டால் அழைத்து வந்துவிடுங்கள், குழாய் போட வேண்டியிருக்கும் என்றார்கள். சாமுண்டீஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துப்போய் அடுப்படித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ரஷீதாவின் உம்மா இரண்டு முறை போனில் கூப்பிட்டுவிட்டார். அவள் டேப்லெட்டைத் துணிப்பைக்குள் வைத்தாள். உள்ளே போய் இனியாவின் காலைத் தொட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

“நான் அதைச் சொல்லியிருக்கவே கூடாது ஆண்டி. அந்த ஸ்கூல் கதையை.”

“நீ என்ன பண்ணுவே? நிறுத்தச் சொன்னது யாரு? நீ கண்ணாலயே கெஞ்சினே. நான்தான் தலையாட்டினேன்.”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். திங்கக்கிழமை சொவான் சார்கிட்ட மறுபடி பேசி…”

“பேசி?”

ரஷீதா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இனிமே அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிடாதே” என்றாள் சாமுண்டீஸ்வரி. “வேணாம். அதுங்க முறையா சொல்லிட்டுப் போயிட்டுதுங்க.” வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: “கடைசியில அழுதுச்சே அந்தப் பல் விழுந்த பொண்ணு… அதுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல, இவ இனி வர மாட்டான்னு?”

“சின்னப் பொண்ணு ஆண்டி. அதுக்கென்ன தெரியும்.”

“எனக்குத் தெரியலையே ரஷீதா. பெத்தவ எனக்குத் தெரியலையே.”

ரஷீதா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அழத் தெம்பில்லை. அந்த வீட்டில் இப்போது சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அங்கே இருப்பதே சாமுண்டீஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது.

“போம்மா. உங்க உம்மா தேடுவாங்க. லிப்ட்டுல பார்த்துப் போ, பையைப் பத்திரமா பிடிச்சுக்கோ.”

ரஷீதா செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடைபாதையில் நடந்தாள். லிப்ட்டின் கதவு திறந்து மூடியது. சாமுண்டீஸ்வரி இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினாள். பிறகு மரக்கதவையும் சாத்தினாள்.